திண்ணைக்குப் போன அண்ணன்

வந்தவாசிப் பாய்க்காரர் எங்கள் ஊருக்கு வருவது சம்பா அறுப்பு முடிந்து கையில் நாலு காசு புழங்கும் தை, மாசியில்தான். சைக்கிள் கேரியரில் சுருட்டிக் கட்டிய கோரைப் பாய்கள் அவர் தலைக்கு மேலே நிமிர்ந்து நிற்கும். ஆயா பேரம் பேசி முடிப்பதற்குள் அவர் ரெண்டு சொம்புத் தண்ணீர் குடித்துவிடுவார். வாங்குவது எப்போதும் ரெட்டைப் பாய். ஒத்தைப் பாய் வாங்கினால் அது யாருக்கு என்று பிள்ளைகளுக்குள் சண்டை வரும் என்பது ஆயாவின் கணக்கு. புதுப் பாயில் முதல் ஒரு வாரம் கோரை வாசம் தூங்கவிடாது. காலையில் எழுந்தால் கன்னத்தில் வரிவரியாகப் பதிந்திருக்கும். அந்த வரியோடேயே பள்ளிக்கூடம் போவோம்.

உத்திரமேரூரிலிருந்து மானாம்பதி போகிற பக்கம் உள்ளடங்கிய ஊர் எங்களுடையது. ஏரிக்குக் கீழே நெல், மேட்டில் மல்லாட்டை. நாட்டு ஓடு போட்ட வீடு. தெருவிலிருந்து படி ஏறினால் ரெண்டு பக்கமும் திண்ணை, நடுவில் நடை, அதைத் தாண்டிக் கூடம். கூடத்தை ஒட்டி ஓர் உள் அறை. அதில் நெல் மூட்டைகளும் டிரங்குப் பெட்டியும் சாமி படங்களும் குடியிருந்தன, மனிதர்களுக்கு இடமில்லை. பின்னால் தாழ்வாரத்தில் அடுப்பு. படுக்கை அறை என்ற பேச்சே அந்த வீட்டில் எழுந்ததில்லை.

ராத்திரி சாப்பாடு முடிந்து, எச்சில் இட்டு, கூடத்தைப் பெருக்கிவிட்டு அம்மா பாயைத் தட்டி விரிப்பாள். சுவரோரம் ஆயா. அடுத்து அக்கா, நான், தம்பி, கடைசியில் நடைப் பக்கம் அண்ணன். அம்மா அடுப்படி வாசலில் முந்தானையை விரித்துப் படுத்துக்கொள்வாள். அப்பாவும் தாத்தாவும் திண்ணையில். துப்பட்டி ரெண்டே ரெண்டு. மார்கழியில் நாலு பேரும் அதை இழுக்கிற இழுப்பில் ஓரமெல்லாம் நூலாகப் பிரிந்து கிடக்கும்.

குண்டு பல்பை அணைத்த பிறகுதான் எங்கள் பேச்சு தொடங்கும். பகலில் அண்ணன் என்னிடம் பேசிய வார்த்தைகளை எண்ணிவிடலாம். தெருவில் கூட்டாளிகளோடு நிற்கும்போது நான் எதிரே வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வான். அதே அண்ணன் இருட்டில் வேறு ஆள். காலாண்டுக் கணக்குப் பரீட்சையில் தான் தேறவில்லை என்பதை அப்பாவிடம் சொல்வதற்கு முன்னால் எங்களிடம்தான் சொன்னான். "எப்டிடா சொல்லப் போற?" என்று அக்கா கேட்டாள். "நீ சொல்லு." "அடி வாங்கறது நீ, சொல்றது நானா?" ஆயா தூக்கத்தில் புரளுவதுபோல ஒரு சத்தம் கொடுப்பாள். கொஞ்ச நேரம் அமைதி. மறுபடி குசுகுசு. கடைசியில் அக்காதான் சொன்னாள். அடியும் பாதியாகக் குறைந்தது.

மல்லாட்டை பிடுங்குகிற காலத்தில் பாவாடை மடியில் ரெண்டு பிடி பச்சைக்காயை ஒளித்து எடுத்துக்கொண்டு வந்து படுப்பேன். இருட்டில் உடைக்கும் சத்தம் கேட்கக் கூடாது என்று பல்லால் கடித்து, துப்பட்டிக்குள் வைத்து உரிக்க வேண்டும். ஓட்டைப் பாய்க்கு அடியில் தள்ளிவிடுவோம். காலையில் அம்மா பாயைச் சுருட்டுவாள். "எலி வந்துட்டுப் போயிருக்குது. எட்டுக் கால் எலி" என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் பெருக்குவாள். திட்ட மாட்டாள்.

தாத்தாவிடம் ஒரு டிரான்சிஸ்டர் இருந்தது. அவர் அசந்த பிறகு அண்ணன் அதைத் தூக்கி வந்து தலகாணிக்கு அடியில் வைத்து இலங்கை வானொலியைப் பிடிப்பான். நாலு தலையும் ஒரே தலகாணியை நோக்கிச் சாயும். பாட்டைவிட இரைச்சல்தான் அதிகம். இன்று நல்ல ஸ்பீக்கரில் அதே பாட்டுகளைக் கேட்கிறேன், எல்லாம் தெளிவாகக் கேட்கின்றன. என்னவோ பிடிக்கவில்லை.

அக்கா எட்டாவது முடித்த கோடையில் வயதுக்கு வந்தாள். தாய்மாமன் பச்சை ஓலை கட்டினார், மஞ்சள் நீராட்டு நடந்தது, உத்திரமேரூரிலிருந்து ரேடியோ செட் வைத்து ரெண்டு நாள் பாட்டு. எல்லாம் ஓய்ந்த அன்று ராத்திரி அம்மா பாய் விரித்தாள். உள் அறையில் நெல் மூட்டைகளை ஒரு பக்கமாக அடுக்கி, ஆயாவுக்கும் அக்காவுக்கும் அங்கே. "அக்கா அந்தாண்ட படுக்கட்டும்." அவ்வளவுதான் விளக்கம். தம்பி அழுதான். நானும் அண்ணனும் ஒன்றும் கேட்கவில்லை. கேட்கக் கூடாத விஷயம் என்பது மட்டும் எப்படியோ தெரிந்திருந்தது. அன்றிலிருந்து மாதத்தில் மூன்று நாள் அக்காவுக்கு வேறு பாய். அது எங்கள் பாய்களோடு சேராமல் தாழ்வாரத்து மூலையில் தனியாகச் சாய்ந்து நிற்கும். வீட்டுக்கு யார் வந்தாலும் அந்தப் பாய் இருக்கிற இடத்தை வைத்தே தெரிந்துகொள்வார்கள். அதைப் பற்றி அக்கா இன்றுவரை பேசுவதில்லை.

ரெண்டு வருஷம் போனது. அண்ணனுக்கு மீசை அரும்பியது, குரல் உடைந்தது. ஒரு சாயங்காலம் அப்பா, "டேய், இனிமே எங்கூட வந்து படு" என்றார். அண்ணன் தலகாணியைத் தோளில் போட்டுக்கொண்டு திண்ணைக்குப் போன நடையைப் பார்க்க வேண்டும். வேலைக்கு ஆர்டர் வந்தவன் மாதிரி போனான்.

எனக்கு அப்போது பதினொன்றோ பன்னிரண்டோ. கூடத்துச் சுவரில் திண்ணையைப் பார்த்து ஒரு சின்ன ஜன்னல் உண்டு. மரச்சட்டம், நாலு இரும்புக் கம்பி, கதவு சரியாகச் சாத்தாது. என் பாயை அதற்குக் கீழே இழுத்துப் போட்டுக்கொண்டேன். அப்பாவின் குறட்டை ஆரம்பித்ததும் கம்பியில் ஒரு தட்டு விழும். நான் எழுந்து உட்காருவேன். மல்லாட்டைக்காக ஒரு கை உள்ளே நீளும். டூரிங் டாக்கீசில் ரெண்டாம் ஆட்டம் பார்த்துவிட்டு வந்த கதை, ஏரி மதகில் விழுந்து எழுந்த கதை, மிலிட்டரிக்குப் போகப் போகிறேன் என்ற கதை எல்லாம் அந்தக் கம்பி வழியாகத்தான் வந்தன. ஒரு நாள் கையில் பீடி வாசம். "இன்னாணா இது?" என்றேன். கை வெளியே போய்விட்டது. மறுநாள் காலணா பெறாத ஒரு ரிப்பனை வாங்கிக் கொடுத்து என் வாயை அடைத்தான்.

பிறகு என் முறை வந்தது. அக்கா கல்யாணமாகிச் செய்யாற்றுக்கு அந்தப் பக்கம் போய்விட்டிருந்தாள். உள் அறையில் அவள் இடம் காலியாக இருந்தது, ஆயாவின் பக்கத்தில். அந்த அறைக்கு ஜன்னல் கிடையாது.

அண்ணன், தங்கை, அக்கா, தம்பி வயது வந்த பிறகு ஒரே அறையில் படுக்கலாமா என்று இன்றைக்குக் கேட்கிறார்கள். கேட்க ஒரு கணக்கு வேண்டும்: அறை ஒன்றுக்கு மேல் இருக்க வேண்டும். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியக் குடும்பங்களில் 37 விழுக்காடு ஒரே அறையில் வாழ்ந்தன. இங்கிலாந்தில் இதற்குச் சட்டமே இருக்கிறது. கணவன் மனைவி அல்லாத ஓர் ஆணும் பெண்ணும், பத்து வயது நிரம்பியவர்கள், ஒரே அறையில் படுத்தாக வேண்டிய நிலை என்றால் அந்த வீட்டில் நெரிசல் என்று பொருள். கூடத்தையும் படுக்கிற இடமாகச் சேர்த்துக்கொண்டுதான் கணக்கு. 1935-இல் வந்த விதி, 1985-ஆம் ஆண்டுச் சட்டத்திலும் தொடர்கிறது. கனடாவின் அளவுகோல் இன்னும் கறார்: ஐந்து வயது வரைக்கும்தான் ஆண்பிள்ளையும் பெண்பிள்ளையும் ஓர் அறையில். எங்கள் ஊரில் எண் எதுவும் கிடையாது. பெண்ணின் உடம்பும் பையனின் மீசையும்தான் தேதி குறித்தன.

உத்திரமேரூர் என்றாலே வெளியூர்க்காரர்கள் குடவோலைத் தேர்தல் கல்வெட்டுகளைச் சொல்வார்கள். வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில், முதலாம் பராந்தகன் காலத்தில், 919-லும் 921-லும் வெட்டியவை. சபைக்கு நிற்பவனுக்கு 35 வயதுக்கு மேல், 70-க்குள். வரி கட்டுகிற நிலம் கால் வேலிக்கு மேல். சொந்த மனையில் கட்டிய வீட்டில் இருப்பவனாக வேண்டும். கணக்குக் காட்டாமல் ஏமாற்றியவனோடு அவன் சொந்தமும் நிற்க முடியாது என்று சொல்லி, அத்தை பிள்ளை, மாமன் பிள்ளை, சகோதரியைக் கட்டியவன், சகோதரியின் மகன், மருமகன், தகப்பன், மகன் என்று ஒருவர் விடாமல் எண்ணுகிறது அந்தக் கல். இத்தனை உறவையும் எண்ணியவர்கள், அந்தச் சொந்த மனைக்குள் யார் எங்கே படுத்தார்கள் என்று ஒரு வரி வெட்டி வைத்திருக்கக் கூடாதா என்று பள்ளிக்கூடத்தில் சுற்றிக் காட்ட அழைத்துப் போனபோதே எனக்குத் தோன்றியிருக்கிறது. டீச்சரிடம் கேட்கவில்லை, நல்லவேளை.

பெண்ணுக்கு அறை கொடுக்க வழியில்லாத ஊர், பையனை வெளியே படுக்கவைத்துச் சமாளித்தது. அதற்குத்தான் திண்ணை. வழிப்போக்கர் தங்குவதற்கு, தாத்தாக்கள் வெற்றிலை இடிப்பதற்கு என்றெல்லாம் திண்ணையைப் பற்றி உருகுகிறவர்கள் இதைச் சொல்வதில்லை: அது வயசுப் பையன்களின் படுக்கை அறை. திண்ணையில் இடம் போதாவிட்டால் களத்துமேடு, மோட்டார் கொட்டகை, கோயில் மண்டபம். கத்திரி வெயிலில் தெரு நெடுகக் கயிற்றுக் கட்டில்தான். தைப்பூசத்துக்குப் பெருநகர் செய்யாற்றில் சுற்று ஊர்ச் சாமிகளெல்லாம் கூடும்போது விருந்தாளி வந்து நிரம்பிய வீடுகளிலிருந்து பையன்கள் ஆற்று மணலுக்கே போய்விடுவார்கள்.

எல்லா வீட்டிலும் திண்ணை இருந்ததில்லை என்பதையும் சொல்ல வேண்டும். காலனியில் கூரை வீடுகள். வாசலில் குனிந்து நுழைந்தால் உள்ளே ஒரே இடம். அங்கே பையன்கள் பள்ளிக்கூடத் தாழ்வாரத்தில் படுத்தார்கள், மழை வந்தால் உட்கார்ந்தே விடிய வைத்தார்கள். காஞ்சிபுரத்தில் எங்களுக்கு ஒரு நெசவுக்கார வீட்டுப் பழக்கம் இருந்தது. அங்கே கூடம் முழுக்கத் தறிக்குத்தான். குழித்தறிக்கும் சுவருக்கும் நடுவில் இருக்கிற ஒரு முழ இடத்தில் அந்த வீட்டு அண்ணனும் தங்கையும் தலைமாற்றிப் படுத்திருப்பார்கள். புரண்டால் குழி. புரளாமல் தூங்கப் பழகியிருந்தார்கள்.

உள் அறைக்குப் போன பிறகு ஒன்றைக் கவனித்தேன். சாதாரண நாளில் படுத்தவுடன் குறட்டை விடும் ஆயா, வீட்டுக்கு ஆண் விருந்தாளி வந்து தங்குகிற ராத்திரிகளில் தூங்கவே மாட்டாள். என்ன முறை வேண்டுமானாலும் ஆகட்டும், சித்தப்பா முறை, மாமன் முறை, அண்ணன் முறை. என்னைச் சுவர்ப் பக்கம் தள்ளிவிட்டு, தான் வாசலை அடைத்து, சுவரில் சாய்ந்து உட்கார்ந்து வெற்றிலை மென்றுகொண்டே இருப்பாள். யாராவது தண்ணீர் குடிக்க எழுந்தால், "யார்ரா அது?" என்று அரைத் தெருவுக்குக் கேட்கும். அவளுக்கு ஏதோ தெரிந்திருக்கிறது. யாருக்கு, எப்போது என்று அவள் சொல்லவில்லை. கூட்டமாகப் படுத்த காலம் பொற்காலம் என்று யாராவது பேசினால் எனக்கு ஆயா உட்கார்ந்திருந்த அந்த உட்காரல்தான் ஞாபகத்துக்கு வரும்.

பாவாடை மாற்ற மாட்டுக்கொட்டகை. துணியைக் காயவைக்க வைக்கோல் போர் மறைவு. பத்தாவது பரீட்சைக்கு எல்லோரும் தூங்கிய பிறகு அடுப்படியில் சிம்னி விளக்கு வைத்துப் படித்தேன், மூக்குத் துவாரம் கரியாகும். ஒரு கதவு, அதை உள்ளேயிருந்து சாத்திக்கொள்கிற உரிமை, இது அந்த வீட்டில் எந்தப் பெண்ணுக்கும் கிடைக்கவில்லை, அம்மாவுக்கும் சேர்த்து. ஆகவே வயது வந்த பெண்ணுக்குத் தனி இடம் வேண்டுமா என்று என்னைக் கேட்டால் வேண்டும் என்பேன், யோசிக்காமல். அப்புறம் ராத்திரி படுக்கும்போது அந்த ஜன்னல் கம்பியில் விழுந்த தட்டுக்காக ஏங்குவேன். ரெண்டும் எனக்குள் சண்டை போடாமல் இருக்கின்றன, ஏன் என்று தெரியவில்லை.

2015 கார்த்திகை மழையில் தெருப்பக்கச் சுவர் திண்ணையோடு சரிந்தது. அப்போது அந்த வீட்டில் தம்பி குடும்பம்தான். ஓட்டைப் பிரித்துவிட்டு, பின்னால் கூரை போட்டுக்கொண்டு தங்கினார்கள். அவனுக்கு ஒரு பெண், ஒரு பையன், மூன்று வயது வித்தியாசம். அரசாங்கம் கொடுத்த விலையில்லா மின்விசிறிதான் அந்தக் கூரைக்குள் எல்லாவற்றையும் தீர்மானித்தது. அது திரும்புகிற திசையில் நாலு தலையும். பெண் வயதுக்கு வந்த பிறகு தம்பி பெண்டாட்டி நடுவில் ஒரு பழைய புடவையைக் கட்டினாள். புடவைக்கு அந்தப் பக்கம் காற்று போகாது. நான் போய்த் தங்கிய ஒரு சித்திரை ராத்திரியில் பார்த்தேன்: எல்லோரும் தூங்கியதும் அந்தப் பெண் எழுந்து புடவையைச் சுருட்டிக் கயிற்றின் மேல் போட்டாள். அவள் தம்பிக்காரன் அரைத்தூக்கத்தில் ஃபேனை அவள் பக்கம் திருப்பி வைத்தான். ஒரு பேச்சும் இல்லை. கோழி கூவுவதற்கு முன்னால் புடவை மறுபடி இறங்கியிருந்தது. அவள் அம்மாவுக்கு இது தெரியும் என்றுதான் நினைக்கிறேன்.

இப்போது தம்பிக்குக் கலைஞரின் கனவு இல்லத்தில் வீடு வந்திருக்கிறது. 2030-க்குள் எட்டு லட்சம் குடிசைகளை மாற்றுவதாக 2024-இல் தொடங்கிய திட்டம். 360 சதுர அடி, மூன்றரை லட்சம் ரூபாய். அதில் 300 சதுர அடிக்குக் கான்கிரீட் தளம். இதற்கு முன்னால், 2011-இல் வந்த பசுமை வீட்டுக்கு 300 சதுர அடிதான். கூடம், ஒரு படுக்கை அறை, சமையலறை, கழிவறையோடு முன்னால் ஒரு வராண்டாவும் அதற்கு ஒரு சூரிய விளக்கும் உண்டு. எங்கள் ஊரில் அப்படிக் கட்டியவர்கள் பாதிப் பேர் அந்த வராண்டாவுக்குக் கம்பிக் கேட் போட்டு வண்டி நிறுத்துகிறார்கள். வண்டியை வெளியே விட முடியுமா?

தம்பியின் பெண் பாலிடெக்னிக் முடித்துவிட்டு சுங்குவார்சத்திரம் பக்கம் செல்போன் பாகம் பூட்டுகிற வேலைக்குப் போகிறாள். விடுதியில் தங்கல். அந்த வட்டாரமே இப்போது பெண்பிள்ளைகளின் விடுதியாகிவிட்டது. வல்லம் வடகாலில் சிப்காட் 18,720 பேர் தங்குகிற கட்டடமே கட்டி 2024 ஆகஸ்டில் திறந்தது. பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் எந்த ஊர்ப் பெண்ணோ படுக்கிறாள், ஒருத்தி பகல் ஷிப்ட், ஒருத்தி ராத்திரி ஷிப்ட். "கஷ்டமா இல்லையாம்மா?" என்றேன். "ரூம்ல ஆறு பேர் அத்தை. ஆனா பெட்டு என்னுது. என் பெட்டு மேல யாரும் ஒக்கார மாட்டாங்க" என்றாள். அதைச் சொன்னபோது அவள் முகத்தில் இருந்த பெருமை, தலகாணியைத் தோளில் போட்டுக்கொண்டு போன அண்ணனுடையது.

"தம்பிகிட்ட பேசவாவது பேசறியா?" என்று கேட்டேன். சிரித்தாள். "பிரேக்ல தினம் பேசறோம். அவன் ரீல்ஸ் அனுப்பிக்கினே இருப்பான். கெமிஸ்ட்ரில போயிட்டதுகூட எங்கிட்டதான் மொதல்ல சொன்னான்." எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. எங்கள் பாய்க்கு மட்டுமே சொந்தம் என்று நான் இத்தனை காலம் பத்திரமாக வைத்திருந்ததை, நாற்பது கிலோமீட்டர் தள்ளி இருந்துகொண்டு ஒரு போனில் செய்துவிடுகிறார்கள்.

போன மாதம் தளம் போட்டாகிவிட்டது. முன்பக்கத்து இடத்தை என்ன செய்வது என்று பேச்சு வந்தபோது நானும் இருந்தேன். தம்பிக்குத் திண்ணை வேண்டும். அவன் பெண்டாட்டி, "அண்ணி, நீங்களாவது சொல்லுங்க. இந்தக் கொசுவுல எவன் வந்து திண்ணைல படுப்பான்? அந்த இடத்துல ஒரு தடுப்பு வெச்சா பையனுக்கு ஒரு ரூமு ஆவும்" என்றாள். மேஸ்திரி ரெண்டுக்கும் தலையாட்டினார், கூலி அவருக்கு ஒன்றுதான். பெண் வீடியோ காலில் இருந்தாள். "திண்ணையோ ரூமோ, எது வேணா கட்டுங்க. என் ரூமுக்கு உள்பக்கம் தாப்பா வைங்க, அது போதும்." நான் அவள் பக்கம்தான் பேசினேன். தாழ்ப்பாளுக்கு அப்புறம் மிச்சம் இருக்கிற இடத்தில் ரெண்டடி அகலத்துக்கு ஒரு மேடை, உட்கார மட்டும், பாக்கி பையனுக்கு என்று முடிவானது.

ரெண்டடியில் ஆள் படுக்க முடியாது என்பது தம்பிக்கும் தெரியும். இருந்தாலும் அன்று சாயங்காலமே ஆவடியில் இருக்கிற அண்ணனுக்குப் போன் போட்டான். "அண்ணா, கிரகப்பிரவேசத்துக்கு நீ முன்னாடியே வந்து ரெண்டு நாள் தங்கணும். திண்ணை போடறோம்." ஸ்பீக்கரில் வைத்திருந்தான். அண்ணனுக்கு முட்டி வலி, சர்க்கரை, ரிட்டயர்மென்ட்டுக்கு மூணு வருஷம். கொஞ்சம் யோசித்துவிட்டு, "உள்ள ஏசி போடறீங்களாடா?" என்று கேட்டான்.